ஒரு பிடி அரிசியும் அதைக் குற்றிய கைகளும்

மிசோரம் மாநிலத்துப் பிரஸ்பிட்டேரியன் குடும்பங்களில் உலை வைப்பதற்கு முன்னால் ஒரு சிறு செயல் நடைபெறுகிறது. சமைப்பதற்கென அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை அள்ளி, அடுப்படியில் அதற்கென்றே வைத்திருக்கும் கலத்தில் போடுகிறார்கள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. சோறு சமைக்கும் வேளை எதுவானாலும் அந்தப் பிடி முதலில் எடுக்கப்பட்டுவிடும். சபையின் பெண்கள் வீடுவீடாக வந்து அரிசியைச் சேகரிக்கிறார்கள். சேர்ந்ததைச் சபை தன் மக்களுக்கே விற்கிறது. அந்தப் பணம் ஊழியர்களை அனுப்பவும் பராமரிக்கவும் செலவாகிறது. மிசோ மொழியில் இதன் பெயர் ‘புஹ்ஃபாய் தாம்’. புஹ்ஃபாய் என்றால் உமி நீங்கிய அரிசி, தாம் என்றால் கைப்பிடி. பிடியரிசி என்ற சொல்லைத் தன்னிடமே வைத்திருக்கும் தமிழுக்கு இதை மொழிபெயர்ப்பதில் சிரமம் ஏதுமில்லை.

கிறிஸ்தவ இறையியல் வகுப்புகளில் சீடத்துவம் என்ற தலைப்பு வந்தவுடன் நினைவுக்கு வருபவை வேறு காட்சிகள். வலைகளை அப்படியே விட்டுவிட்டுப் பின்சென்ற மீனவர்கள், ஆயத்துறையிலிருந்து எழுந்து போன மத்தேயு, 1937இல் வெளிவந்த போன்ஹோஃபரின் நூல், அதை எழுதியவர் பின்னாளில் அடைபட்ட சிறை, அவர் ஏறிய தூக்குமேடை. எல்லாமே வாழ்க்கையில் ஒருமுறை நிகழ்பவை. நாளுக்கு இரண்டு முறை நிகழ்வதைப் பற்றி இறையியல் அதிகம் பேசுவதில்லை. அது சமையலறையில், பெண்களின் கையில் நடப்பதும் இந்த மௌனத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்தப் பிடியைப் புரிந்துகொள்ள, அதற்கு முன் மிசோ மலைகளில் அரிசி எந்த வழிகளில் பயணித்தது என்பதைப் பார்க்கவேண்டும். காட்டை வெட்டி எரித்து விதைக்கும் மலைச்சரிவு வேளாண்மையில் விளைந்த நெல்லில் ஒரு பங்கு, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தலைவனுக்குப் போயிற்று. ‘ஃபாதாங்’ எனப்பட்ட இந்த நெல்வரி தலைவனின் உரிமை. அந்த உரிமைகளோடு தலைவன் முறையே 1954ஆம் ஆண்டின் சட்டத்தால்தான் முடிவுக்கு வந்தது. இன்னொரு பங்கு ‘ஸூ’ என்ற அரிசிக்கள்ளாக மாறி விருந்துகளில் பரிமாறப்பட்டது. பெரும் விருந்துகளை வரிசையாக நடத்தி முடித்தவனுக்கு ‘தாங்சுவா’ என்ற உயர்நிலை கிடைத்தது. கொடிய விலங்குகளை வேட்டையாடியும் அதை அடையலாம். அடைந்தவன் வாழும்போது தனி மரியாதை பெற்றான், இறந்தபின் ‘பியால்ரால்’ என்ற மறுகரை உலகுக்குப் போனான்.

அந்த மறுகரையில் காத்திருந்த பேறு என்ன? குற்றிப் புடைத்த அரிசி. பியால்ராலில் இருப்பவர்கள் உழைக்கவேண்டியதில்லை, உமி நீங்கிய அரிசியை ஆயத்தமாகவே உண்பார்கள் என்பது பழைய மிசோ நம்பிக்கை. தங்கத் தெருக்களையும் அமுத நதிகளையும் கற்பனை செய்த சமயங்கள் உண்டு. இந்த மலைமக்கள் கண்ட சுவர்க்கமோ உரலும் உலக்கையும் இல்லாத ஒரு காலைப்பொழுது. சமய வரலாற்றில் இவ்வளவு நேர்மையான சுவர்க்கத்தைக் காண்பது அரிது. விடியுமுன் எழுந்து அன்றன்றைய நெல்லைக் குற்றியவர்கள் பெண்கள் என்பதையும் இங்கே சேர்த்து நினைக்கவேண்டும். விருந்து நடத்தி மறுகரைக்கு வழிதேடியவன் ஆண். அவன் மனைவிக்கு அவனோடு சேர்ந்தே அந்தப் பேறு கிட்டியது. குற்றியவளுக்குத் தனக்கென்று ஒரு வழி இருக்கவில்லை.

1894 ஜனவரியில் லோரெய்னும் சாவிட்ஜும் இந்த மலைகளுக்கு வந்து, மிசோ மொழிக்கு ரோமன் எழுத்தில் நெடுங்கணக்கு அமைத்தார்கள். 1897இல் வேல்ஸ் பிரஸ்பிட்டேரியன் மிஷனின் டி. இ. ஜோன்ஸ் வந்தார். 1899 ஜூலை 25 அன்று கூமா, காரா என்ற இருவர் மிசோரத்தின் முதல் ஞானஸ்நானம் பெற்றார்கள். அதற்குப் பத்து ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலாக, ஏறத்தாழ 1910ஆம் ஆண்டில், ஐஸ்வாலின் மிஷன் குடியிருப்பில் பிடியரிசி வழக்கம் தொடங்கியது. மிகச் சிறிய சபை. பணப்புழக்கம் அனேகமாக இல்லாத பொருளாதாரம். காணிக்கைப் பையில் போடக் காசில்லாத பெண்களிடம் தினமும் இருந்த ஒரே பொருள், தாங்களே குற்றிய அரிசி.

தொடங்கிய கையோடு ஒரு சோதனையும் வந்தது. மிசோ மலைகளை மூடியிருக்கும் ‘மௌ’ என்ற மூங்கில் ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒட்டுமொத்தமாகப் பூத்துக் காய்த்து மடிகிறது. அந்தக் காய்களைத் தின்று எலிகள் பல்கிப் பெருகும். காய் தீர்ந்ததும் அவை வயல்களுக்குள் இறங்கி, ஓரிரவில் ஒரு குடும்பத்தின் ஆண்டு விளைச்சலை அழிக்கும். 1911–12இல் அந்தப் பஞ்சம் வந்தது. மிசோக்கள் அதை ‘மௌதாம்’ என்பார்கள், மூங்கிலின் சாவு. பிடியரிசி வழக்கம் அந்தச் சாவைக் கடந்தது. 1959இல் வந்த அடுத்த மௌதாமையும், அதன் தொடர்ச்சியாக 1966இல் வெடித்த கிளர்ச்சியையும், ஐஸ்வால் மீது விழுந்த விமானக் குண்டுகளையும், கிராமங்களைக் காலிசெய்து மக்களைத் தொகுப்பு முகாம்களில் குடியேற்றிய ஆண்டுகளையும் கடந்தது. 1960களின் இறுதியில் வேல்ஸ் மிஷனரிகள் வெளியேறியபோது அயல்நாட்டுப் பணம் இல்லாமல் மிசோ சபை நிமிர்ந்து நின்றதற்கு இந்த அடுப்படிக் கலங்களும் ஒரு காரணம். இன்று இதன் ஆண்டு வருமானம் கோடிக்கணக்கான ரூபாய். 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ 11 லட்சம்தான்.

இந்த வெற்றிக்கதை பல மாநாடுகளில் சொல்லப்பட்டுவிட்டது. தற்சார்புத் திருச்சபைக்கு உதாரணம் தேடுபவர்கள் மிசோரத்தைத்தான் முதலில் எடுப்பார்கள். சீடத்துவம் என்ற கோணத்தில் அதைவிடக் கவனிக்கவேண்டியது அந்தப் பிடியின் அமைப்பு. எண்ணிப் பார்த்தால் அதில் மூன்று நுட்பங்கள் தெரிகின்றன.

சோறு ஆக்கியபின் மிஞ்சுவது கொடுக்கப்படுவதில்லை. சமைப்பதற்கு முன்பே எடுக்கப்படுகிறது. அதனால் பானையில் ஒரு பிடி குறைவது வீட்டிலுள்ள எல்லோருடைய தட்டிலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் பங்கிடப்படுகிறது. யாரோ ஒருவர் எங்கோ இந்தப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒவ்வொரு வேளையும் கணக்கிட்டுச் சமைப்பதற்கு இது சமானம். அடுத்து, கை எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே அளவு. அரசு உயரதிகாரி வீட்டுப் பிடியும் கூலிக்காரர் வீட்டுப் பிடியும் கலத்தில் விழும்போது வேற்றுமை தெரியாது. தசமபாகத்தில் ஏழையின் தொகை சிறுத்துத் தெரியும், பிடியில் தெரியாது. இரண்டு காசு போட்ட விதவையை இயேசு தனியாகச் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது. இங்கே சுட்டிக்காட்டவே வழியில்லை. மூன்றாவது நுட்பம் மானிடவியல் மாணவர்களுக்கு உரியது. மார்செல் மோஸ் 1925இல் எழுதிய கொடை பற்றிய புகழ்பெற்ற கட்டுரையின்படி கொடை எப்போதும் எதிர்க்கொடையைக் கோருகிறது, கொடுத்தவனை உயர்த்திப் பெற்றவனைக் கட்டுகிறது. பழைய மிசோ விருந்து அப்படித்தான் இயங்கியது. பிடியரிசி பொதுமூட்டையில் கலந்து முகமிழந்துவிடுவதால், பெற்றவருக்கு யாரிடம் நன்றிக்கடன் பட்டோம் என்று தெரியாது. விருந்து ஏற்படுத்திய பெருமையை மூட்டை அழித்துவிடுகிறது.

முழுவதும் அழித்துவிட்டதா என்றால் இல்லை. மலைச்சரிவில் வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும் ஊரில் ஒரு வீட்டின் கலம் காலியாக இருப்பது அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் போகாது. ‘விருப்பக் காணிக்கை’ என்ற சொல்லுக்கு அத்தகைய இடத்தில் முழுப் பொருள் கிடைப்பதில்லை. ஆனாலும் இதைக் கட்டாயம் என்று சுருக்குவது அவசர முடிவு. சமூகத்தின் பார்வையும் உள்ளத்தின் விருப்பமும் இத்தனை நெருங்கிக் கிடக்கும் வாழ்க்கையில் இரண்டையும் பிரித்தறியும் கத்தி இதுவரை எந்த ஆய்வுமுறையிலும் இல்லை.

அந்தச் சமூகப் பார்வைக்கு மிசோ மொழியில் ஒரு பெயர் இருக்கிறது, ‘ட்லோம்ங்காய்னா’. தன்னலம் பாராமல், கேட்காமலே முன்வந்து, சொல்லிக்காட்டாமல் பிறருக்கு உதவுதல் என்று இதை விளக்கலாம். கிறிஸ்தவத்துக்கு முந்திய நற்பண்பு இது. இளைஞர்கள் ஒன்றாக உறங்கிய ‘ஸோல்புக்’ என்ற பொதுக்கூடத்தில் இது பயிற்றுவிக்கப்பட்டது. கல்விமுறையும் மதமும் மாறியபோது அந்தக் கூடங்கள் மறைந்தன. 1935இல் தொடங்கிய இளைஞர் சங்கம், இன்றைய இளம் மிசோ சங்கம், அதன் கடமைகள் பலவற்றை ஏற்றுக்கொண்டது.

இது உச்சத்தை அடையும் இடம் சாவு வீடு. ஒரு குடியிருப்பில் ஒருவர் இறந்துவிட்டால் செய்தி பரவியவுடன் இளைஞர்கள் கூடுகிறார்கள். குழி வெட்டுவது, பெட்டி தயார்செய்வது, சுமப்பது எல்லாமே அவர்கள் பொறுப்பு, கூலி கிடையாது. துக்க வீட்டில் இரவில் அயலார் வந்து சேர்ந்து உட்கார்ந்து பாடுகிறார்கள். அடக்கம் முடிந்தபின்னும் சில நாட்கள் இது தொடரும். இழந்தவர்களைத் தனியே விடுவதில்லை. மேளத்தின் மெதுவான தாளத்தில் ஓடும் அந்தப் பாடல்களில் பழைய மிசோ மெட்டும் கிறிஸ்தவ நம்பிக்கையும் பிரிக்கமுடியாமல் கலந்துவிட்டன. நகரவாசிகள் இரங்கல் செய்தியைக் கைப்பேசியில் அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிற காலத்தில், தூக்கத்தைக் கொடுத்து அயலாரின் துயரத்தில் பங்கேற்கும் ஒரு சமூகத்தைக் குறைத்து மதிப்பிட எவருக்கும் உரிமையில்லை. புதிய ஏற்பாட்டின் நிருபங்களில் ‘ஒருவருக்கொருவர்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. ஒருவர் சுமையை ஒருவர் சுமப்பது, ஒருவரையொருவர் தாங்குவது. அந்தச் சொல்லுக்கு இந்த ஊர்களில் தோளும் மண்வெட்டியும் இருக்கின்றன.

இதுவரை சொன்னவை இனிமையானவை. பிடியரிசி தொடங்கிய அதே ஆண்டுகளில், அதே ஐஸ்வால் குன்றில் நிகழ்ந்த இன்னொன்று மாநாட்டு உரைகளில் அதிகம் இடம்பெறுவதில்லை.

1908 இறுதியில் பீட்டர் ஃபிரேசர் என்ற மருத்துவர் வேல்ஸிலிருந்து மிஷன் பணிக்கு வந்தார். நோயாளிகளோடு பழகியபோது ‘போயி’ என்ற முறையை அவர் அறிந்தார். பஞ்சத்தில் அடிபட்டவர், ஆதரவற்ற விதவை, அநாதைப் பிள்ளை ஆகியோர் தலைவனின் வீட்டில் அடைக்கலம் புகலாம். தலைவன் சோறு போடுவான். அன்றுமுதல் அவர்கள் அவனுடைய போயிகள், அவன் வீட்டு நெல்லைக் குற்றி, விறகும் நீரும் சுமந்து, நிலத்தில் உழைப்பார்கள். அந்தக் கட்டு அவர்களோடு முடியாது, பிள்ளைகளுக்கும் தொடரும். விடுபடவேண்டுமானால் 40 ரூபாய் அல்லது ஒரு மிதுன் மாடு மீட்புப்பொருளாகக் கொடுக்கவேண்டும். உழைப்புக்குக் கூலியே இல்லாதவர்களுக்கு 40 ரூபாய் என்பது எட்டாக்கனி. குற்றம் செய்து தலைவனிடம் தஞ்சம் புகுந்தோரும், போரில் தோற்ற தரப்பிலிருந்து வந்து சேர்ந்தோரும் இதன் வேறு வகைகள்.

இது அடிமைமுறை, ஆங்கிலேயர் ஆட்சியில் இதற்கு இடமில்லை என்றார் ஃபிரேசர். சிலரைப் பணம் கொடுத்து மீட்கவும் செய்தார். கண்காணிப்பாளராக இருந்த மேஜர் கோல் இதை ஏற்கவில்லை. அரசாங்கத்தின் வாதம் எளிதில் தள்ளக்கூடியதுமல்ல. இது ஆதரவற்றோர் இல்லம் போன்ற ஓர் ஏற்பாடு, பழங்குடிச் சமூகத்தின் சொந்தப் பாதுகாப்பு வலை, அதை அறுத்துவிட்டால் விதவைக்கு யார் சோறு போடுவது என்று அதிகாரிகள் கேட்டார்கள். தலைவர்களின் துணையில்லாமல் இந்த மலைகளை ஆள முடியாது என்பது அவர்கள் வெளிப்படையாக அதிகம் சொல்லாத மறுபாதி. மிஷனோ அரசாங்கத்தின் அனுமதியோடுதான் அங்கே இருந்தது. சமூக வழக்கங்களில் தலையிடுவதில்லை என்று ஃபிரேசர் உறுதியளிக்கவேண்டும் என அழுத்தம் வந்தபோது சபைத் தலைமை அவர் பக்கம் உறுதியாக நிற்கவில்லை. அவர் இணங்கவில்லை. 1912இல் லுஷாய் மலைகளை விட்டுப் போகநேர்ந்தது. பிரச்சினை பிரிட்டனிலும் எழுப்பப்பட்டது. அதன்பின் மெல்ல மெல்ல, பெயர்கள் மாற்றப்பட்டு, கட்டுகள் தளர்த்தப்பட்டு, அந்த முறை மறைந்தது.

ஒரே குன்றில், ஏறத்தாழ ஒரே காலத்தில் இரண்டு செயல்கள். ஒன்று, பெண்கள் தங்கள் அரிசியிலிருந்து ஒரு பிடியைக் கொடுப்பது. அதை மிஷன் வரவேற்றது, அரசாங்கம் கண்டுகொள்ளவில்லை, தலைவர்களும் எதிர்க்கவேண்டிய தேவையிருக்கவில்லை. மற்றொன்று, அந்த அரிசியைக் குற்றியவள் யார், அவளுக்கு அந்த வீட்டை விட்டுப் போக உரிமை உண்டா என்று கேட்பது. அதைக் கேட்டவர் ஊரைவிட்டே போகநேர்ந்தது. ஃபிரேசர் குறையற்றவர் அல்லர். காலனிய மருத்துவராக வந்து, மக்களின் மொழியிலும் உறவுமுறைகளிலும் முழுமையாக ஊன்றுவதற்கு முன்பே ‘அடிமை’ என்ற ஐரோப்பியச் சொல்லை அவர்களது ஏற்பாட்டின்மேல் பொருத்தினார் என்ற விமர்சனத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் மீட்புப்பொருள் கொடுத்தால்தான் வெளியேறலாம் என்ற நிலைக்கு எந்தச் சொல்லைப் பொருத்தினாலும் அதில் அகப்பட்டவளின் காலைப்பொழுது மாறப்போவதில்லை.

சீடத்துவத்தின் இரண்டு தன்மைகள் இங்கே தனித்தனியாகத் தெரிகின்றன. கொடுக்கும் சீடத்துவம் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையிலான தொலைவை அப்படியே வைத்துக்கொள்ள முடியும். உறவை மாற்றும் சீடத்துவம் தன் வீட்டுக்குள்ளேயே யாரையாவது இழக்கவேண்டியிருக்கும், குறைந்தபட்சம் ஒரு வேலையாளையாவது. ஒநேசிமு என்ற அடிமையை அவன் எஜமானிடம் திருப்பி அனுப்பும்போது, இனி அவனை அடிமையாக அல்ல, சகோதரனாக ஏற்றுக்கொள் என்ற கருத்தில் பவுல் பிலேமோனுக்கு எழுதினார். காணிக்கை அனுப்பு என்று எழுதியிருந்தால் பிலேமோனுக்கு எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும்.

பெண்களின் நிலையிலும் இதே பிளவு தொடர்ந்தது. பிடியை எடுப்பவள் பெண். வீடுவீடாகச் சென்று சேகரிப்பதும், அளப்பதும், கணக்கெழுதுவதும் சபைப் பெண்களின் அமைப்புத்தான். அந்த அரிசிப் பணத்தில் பணியாளர்கள் அனுப்பப்பட்டார்கள், ஆலயங்களும் எழுந்தன. ஆனால் வழக்கம் தொடங்கி ஒரு நூற்றாண்டு முடிந்த பின்னும் மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபை பெண்களைப் போதகராகவோ மூப்பராகவோ அபிஷேகம் செய்யாமலே இருந்தது. இறையியல் பட்டம் பெற்ற மிசோப் பெண்கள் பலர். அவர்கள் கற்பித்தார்கள், எழுதினார்கள், அலுவலகங்களை நடத்தினார்கள். முடிவெடுக்கும் மன்றத்தில் அவர்களுக்கு நாற்காலி இருக்கவில்லை. அரிசியை நம்பி ஒப்படைக்கலாம், அப்பத்தைப் பிட்கும் பொறுப்பை ஒப்படைக்கலாகாது என்ற நிலைப்பாட்டை எந்த வேதவாக்கியத்தால் தாங்கினாலும் அது அடுப்படியிலிருந்து பார்க்கும்போது விநோதமாகத்தான் தோன்றும். மிசோப் பெண் இறையியலாளர்கள் இதைப் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். அவர்கள் பொறுமையைப் பாராட்டுவதைவிட அவர்கள் வாதத்துக்குப் பதில் சொல்வது மரியாதையாக இருக்கும்.

பிடியரிசி யாரை எண்ணி எடுக்கப்படுகிறது என்ற கேள்வி எஞ்சுகிறது. அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் ஆதிச்சபைக்குள் எழுந்த ஒரு முறுமுறுப்பு பதிவாகியிருக்கிறது. அது கோட்பாட்டுத் தகராறு அல்ல. அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்கம் பேசும் விதவைகள் விடுபட்டார்கள், எபிரேய விதவைகளுக்கு மட்டும் ஒழுங்காகக் கிடைத்தது என்பதே குற்றச்சாட்டு. அப்போஸ்தலர்கள் அதை மறுக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுத்து அந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவர்கள் எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். பங்கீட்டின் கரண்டி, விடுபட்டவர்கள் தரப்பின் கைக்கே போயிற்று என்று அதை வாசிப்பவர்கள் உண்டு.

மிசோரத்தின் அண்மை வரலாற்றில் இந்த அதிகாரம் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. 2021 பிப்ரவரி 1 அன்று மியான்மரில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின் எல்லைக்கு அப்பால் இருந்த சின் மக்கள் தியாவு ஆற்றைக் கடந்து வந்தார்கள். அவர்களை உள்ளே விடவேண்டாம் என்பது மத்திய அரசின் அறிவுறுத்தல். மாநில முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதி மனிதாபிமான அடிப்படையில் அடைக்கலம் கேட்டார். சபைகளும் ஊர் அமைப்புகளும் அதற்குக் காத்திருக்கவில்லை. அரிசி, துணி, கூரை, பள்ளி இடம் என்று பகிர்ந்தன. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தங்கினார்கள். 2023இல் மணிப்பூரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குக்கி-ஸோ குடும்பங்களுக்கும் அதே கதவு திறந்தது. இந்தியாவின் மிகச் சிறிய மாநிலங்களில் ஒன்று, நிதிக்கு மத்திய அரசையே பெரிதும் நம்பியிருக்கும் மாநிலம், தன் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தது. மிசோ மக்களின் இதயத்தில் சபை எதையும் விதைக்கவில்லை என்று இதற்குப்பின் யாரும் சொல்ல முடியாது.

ஆனால் 2003இல், வன்கொடுமைக் குற்றச்சாட்டு ஒன்று மியான்மரிலிருந்து வந்த ஒருவர்மேல் எழுந்தபோது, இதே சின் மக்கள் ஆயிரக்கணக்கில் வெளியேற்றப்பட்டார்கள். முன்நின்றது சாவு வீடுகளில் கூலியின்றிக் குழி வெட்டும் அதே இளைஞர் அமைப்பு. ஒருவன் செய்ததாகச் சொல்லப்பட்டதற்கு ஒரு கூட்டமே பொறுப்பாக்கப்பட்டது. ட்லோம்ங்காய்னாவுக்கு உள்ளூர் எல்லை ஒன்று இருப்பதை மிசோ சிந்தனையாளர்கள் சிலரே சுட்டியிருக்கிறார்கள். தனக்குரியவனுக்காக உயிரையும் கொடுக்கும் பண்பு, யார் தனக்குரியவன் என்பதை முடிவுசெய்யும் இடத்தில் கடினமாகிவிடுகிறது. 2003க்கும் 2021க்கும் இடையில் சின் மக்கள் மாறவில்லை. ‘நம்மவர்’ என்ற சொல்லின் எல்லை ஆற்றைத் தாண்டி நகர்ந்தது. நகரக்கூடிய எல்லைதான் என்பது நம்பிக்கை தருகிறது.

நகராத எல்லையும் உண்டு. மேற்கு மிசோரத்தில் புரூ மக்கள் வாழ்கிறார்கள். ரியாங் என்றும் அவர்களுக்குப் பெயர். வேறு மொழி, பெரும்பாலும் வேறு சமய மரபு. அந்தக் கிராமங்களிலும் மிசோ சபைகளின் ஊழியர்கள் நெடுங்காலம் பணிபுரிந்திருக்கிறார்கள். அதாவது பிடியரிசி அங்கும் போயிருக்கிறது. 1990களில் புரூ அமைப்புகள் தன்னாட்சி மாவட்டம் கோரின. தாங்களே ஒரு பெருநாட்டுக்குள் சிறுபான்மை என்ற அச்சத்தோடு வாழும் மிசோக்களுக்கு, தங்கள் சிறு மாநிலத்திலிருந்து ஒரு துண்டு போய்விடும் என்ற பயம் வந்தது. பயம் பொய்யானது என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்வது எளிது. 1997 அக்டோபரில் தம்பா காப்பகத்தில் வனக்காவலர் ஒருவரைப் புரூ ஆயுதக் குழுவினர் கொன்றார்கள். அதைத் தொடர்ந்த வன்முறையில் பல்லாயிரக்கணக்கான புரூக்கள் திரிபுராவுக்கு ஓடினார்கள். அவர்களில் துப்பாக்கி தூக்காதவர்களே மிகப் பெரும்பாலோர்.

வடக்குத் திரிபுராவின் முகாம்களில் அவர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்தார்கள். திரும்பி வருவதற்கான சுற்றுகள் பல நடந்தன. சிலர் வந்தார்கள், பலர் அஞ்சி வரவில்லை. அவர்கள் பெயர்களை மிசோரம் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கவேண்டும் என்ற கோரிக்கை ஒவ்வொரு தேர்தலிலும் மாநிலத்துக்குள் எழுந்தது. முகாமிலேயே பிறந்து முகாமிலேயே மணமுடித்த ஒரு தலைமுறை உருவாயிற்று. ஊழியம் பெற்ற கிராமங்களிலிருந்து ஓடியவர்களைத் திரும்ப அழைத்து அயல்வீட்டில் குடியேற்றுவதற்கு, ஊழியரை அனுப்பியதைவிட மிகக் கடினமான ஏதோ ஒன்று தேவைப்பட்டது. ஃபிரேசர் காலத்தில் தேவைப்பட்டதும் அதுவே.

முகாமில் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 600 கிராம் அரிசியும் ஐந்து ரூபாயும் அரசு வழங்கியது, சிறுவர்களுக்கு 300 கிராம். அவர்கள் மிசோரத்துக்குத் திரும்பவேண்டும் என்பதற்காக 2019 அக்டோபரில் அந்த அரிசியும் நிறுத்தப்பட்டது. குடும்பங்கள் சாலையை மறித்து அமர்ந்தன. 2020 ஜனவரி 16 அன்று புதுதில்லியில் மத்திய அரசும் இரு மாநில அரசுகளும் புரூ பிரதிநிதிகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, ஏறத்தாழ 34,000 பேர் திரிபுராவிலேயே நிரந்தரமாகக் குடியமர்த்தப்படுவது என்று முடிவாயிற்று. வீட்டுமனை, மாத உதவித்தொகை, இரண்டு ஆண்டுகளுக்கு இலவச அரிசி. மிசோரத்தில் இந்த முடிவைப் பலரும் நிம்மதியோடு வரவேற்றார்கள். முகாம்கள் இருந்த அந்த ஆண்டுகள் முழுவதும் ஐஸ்வாலின் அடுப்படிகளில், காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும், உலை வைப்பதற்கு முன்னால் ஒரு பிடி எடுக்கப்பட்டுக்கொண்டுதான் இருந்தது.